படிகாரத்தை விட்டு பி.ஏ.சி. வாங்கலாமா? மன்றக் கூட்டத்துக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டும்

வார்டு_17 கேட்டது:

வணக்கமுங்க. பவானி ஆற்றிலிருந்து நீர் எடுக்கும் ஒரு நகராட்சியில் நான் கவுன்சிலர். இதுதான் முதல் முறை. ஊர்ப் பெயரை மட்டும் சொல்லவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கூட்டத்தின் அஜெண்டாவில் 31-ஆவது பொருள், குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஓராண்டுக்கான ரசாயனக் கொள்முதல். இதுவரை வாங்கிய படிகாரக் கட்டிக்குப் பதிலாகப் பாலி அலுமினியம் குளோரைடு, அதாவது பி.ஏ.சி. பவுடர் வாங்கலாம் என்று அலுவலகக் குறிப்பு. படிகாரம் கிலோ 14 ரூபாய். பி.ஏ.சி. 38 ரூபாய். கூடவே பிளீச்சிங் பவுடர் 27 டன், ஒரே தடவையில் இறக்குவதாக எழுதியிருக்கிறது. மொத்தமே மூன்று வரிதான்.

"கிலோவுக்கு 24 ரூபாய் கூட. இதில் ஏதோ இருக்கிறது, எதிர்த்துப் பேசு" என்று எங்கள் பக்கத்திலேயே இரண்டு பேர் சொல்கிறார்கள். அலுவலகத்தில் கேட்டால், "பி.ஏ.சி. நல்லதுங்க மேடம், நிறைய ஊர்ல மாறிட்டாங்க" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

போன ஆடியில் எங்கள் வார்டில் பதினோரு நாள் செந்தண்ணி வந்தது. குடத்தோடு என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒரு பாட்டி, சொம்பைத் திண்ணையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் அடியில் செம்மண் படிந்திருந்தது. அந்தச் சொம்பை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை, கொடுக்க மனம் வரவில்லை.

எங்கள் நிலையம் 12 எம்.எல்.டி., நாளைக்கு 120 லட்சம் லிட்டர். நான் படித்தது பி.காம். கணக்கு வரும், வேதியியல் தெரியாது. தெரியாமல் கை தூக்கவும் கூடாது, தெரியாமல் எதிர்க்கவும் கூடாது என்று நினைக்கிறேன். என்ன கேட்க வேண்டும்?

பழைய_அனலிஸ்ட் பதில்:

அம்மா, நான் 26 ஆண்டுகள் வாட்டர் அனலிஸ்ட்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் பி.காம். என்றது நல்லதாகப் போயிற்று. இது முக்கால்வாசி கணக்குத்தான்.

முதலில் ஒரு வாய்ப்பாடு. நாளைக்கு 10 லட்சம் லிட்டர் நீரில், லிட்டருக்கு 1 மில்லிகிராம் மருந்து சேர்க்க வேண்டுமானால் 1 கிலோ தேவை. இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்தக் கொள்முதல் குறிப்பையும் உங்களால் சரிபார்க்க முடியும். உங்கள் நிலையம் 12 எம்.எல்.டி. தெளிந்த காலத்தில் லிட்டருக்கு 15 மில்லிகிராம் படிகாரம் போட்டால் நாளைக்கு 180 கிலோ. வெள்ளத்தில் 45 ஆக ஏற்றினால் 540 கிலோ. நிலையத்து லாக் புக்கை வாங்கி, போன ஆண்டு எத்தனை நாள் எவ்வளவு போட்டார்கள் என்று கூட்டிப் பாருங்கள். வாங்கிய டன்னும் கரைத்த டன்னும் கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் அதுதான் உங்கள் முதல் கேள்வி.

அடுத்தது விலை. 14-க்கும் 38-க்கும் நேரடியாக ஒப்பீடு கிடையாது. ஆற்றில் வரும் கலங்கல் மிக நுண்ணிய மண். துகள் ஒவ்வொன்றும் மற்றதை விலக்கித் தள்ளிக்கொண்டே மிதப்பதால் தானாகப் படியாது. அலுமினியச் சத்து சேர்ந்ததும் அவை ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சு போலத் திரண்டு கீழே இறங்கும். அந்த வேலையைச் செய்வது அலுமினியம்தான். கட்டிப் படிகாரத்தில் அலுமினியம் ஆக்சைடு கணக்கில் சுமார் 16 சதவீதம் இருக்கும், பி.ஏ.சி. பவுடரில் 30 சதவீதத்தை ஒட்டி. அதனால் பி.ஏ.சி. குறைவாகவே போதும். எவ்வளவு குறைவு என்பதை உங்கள் ஊர்த் தண்ணீர்தான் சொல்ல வேண்டும். விற்பவர் சொல்லக் கூடாது.

அதற்குத்தான் ஜார் டெஸ்ட். ஆறு பீக்கரில் ஒவ்வொரு லிட்டர் ஆற்று நீர். ஒவ்வொன்றிலும் வேறு வேறு அளவு மருந்து. ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கு, இருபது நிமிடம் மெதுவாகக் கலக்கு, அரை மணி நேரம் தொடாமல் விடு, பிறகு மேல்நீரின் கலங்கலை அள. அவ்வளவுதான். நீங்களே போய் நின்று பார்க்கலாம்.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வெள்ளக் காலத்தில் படிகாரம் லிட்டருக்கு 40 மி.கி. தேவைப்படுகிறது, பி.ஏ.சி. 14 மி.கி. 10 லட்சம் லிட்டருக்குப் படிகாரச் செலவு 560 ரூபாய், பி.ஏ.சி. 532. பி.ஏ.சி. மலிவு! தெளிந்த காலத்தில் படிகாரம் 15, பி.ஏ.சி. 7 என்றால் 210-க்கு 266. படிகாரம் மலிவு. இப்படி வந்தால், வெள்ள மாதங்களுக்கு மட்டும் பி.ஏ.சி. வாங்கி மற்ற மாதங்களில் படிகாரத்தையே வைத்துக்கொள்ளலாம் (மாற்றும்போது கரைசல் தொட்டியைச் சுத்தமாகக் கழுவ வேண்டும், இரண்டையும் ஒரே தொட்டியில் கலக்கக் கூடாது). உங்கள் ஊரில் எண்கள் வேறாக வரலாம். அதனால்தான் "எங்கள் ஆற்று நீரில் செய்த ஜார் டெஸ்ட் முடிவு எங்கே, எந்தத் தேதியில் எடுத்தது?" என்று கேளுங்கள். தேதி ரொம்ப முக்கியம். மாசியில் ஆறு தெளிந்து ஓடும்போது எந்த மருந்தைப் போட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது, மிச்சத்தை மணல் வடிகட்டி பார்த்துக்கொள்ளும். ஆடியில் நீலகிரி மழை இறங்கும்போதுதான் சரக்கின் தரம் தெரியும்.

இன்னொன்று. படிகாரம் நீரின் காரத்தன்மையை, அதாவது அமிலத்தைத் தாங்கும் திறனை, தின்னும். லிட்டருக்கு 40 மி.கி. போட்டால் ஏறக்குறைய 20 மி.கி. காரத்தன்மை போய்விடும். மழை வெள்ளத்தில் அது ஏற்கெனவே குறைவாக இருக்கும். அதை ஈடுகட்டச் சுண்ணாம்பு சேர்க்காமல் படிகாரத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் திரளே கட்டாது, அலுமினியம் கரைந்தபடியே குழாய்க்குப் போகும். உங்கள் வார்டின் அந்தப் பதினோரு நாளில் சுண்ணாம்பு இருப்பில் இருந்ததா என்று இருப்புப் பதிவேட்டில் பாருங்கள். பி.ஏ.சி. காரத்தன்மையை இந்த அளவுக்குத் தின்னாது. அது நிஜமான நன்மை.

இனி என்னை உண்மையில் கவலைப்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். அஜெண்டாவின் மூன்றாவது வரி. 27 டன் பிளீச்சிங் பவுடர், ஒரே தடவையில்.

பல ஆண்டுகளுக்கு முன், உங்கள் ஊர் அளவே உள்ள வேறொரு ஊரில் இருந்தேன். அங்கேயும் 12 எம்.எல்.டி. தான். ஓராண்டுப் பவுடரை மார்கழியில் இறக்கி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையில் சுவரோரம் ஆள் உயரத்துக்கு அடுக்கினார்கள். ஆபரேட்டர் தினமும் மூன்று மூட்டை கரைப்பார். 25 கிலோ மூட்டை. அவருக்கு முன்பிருந்தவரும் மூன்று மூட்டைதான் போட்டார். சித்திரை முடியும்போது கடைக்கோடித் தெருக் குழாயில் குளோரினே காட்டவில்லை. லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது ஐ.எஸ். 10500, அதாவது இந்தியக் குடிநீர்த் தர விதி. குழாயில் குறை என்று நினைத்து மூன்று நாள் வால்வுகளைத் தேடி அலைந்தோம்.

நான்காம் நாள் ஸ்டோருக்குப் போனேன். கதவைத் திறந்ததும் கண் எரிந்தது. பவுடரின் குளோரின் எல்லாம் அந்த அறையின் காற்றில் இருந்தது. மேல் மூட்டையில் கைவிட்டால் மாவு போல இல்லாமல் ஈரச் சுண்ணாம்பு போலப் பிசுபிசுத்தது. ஒரு கரண்டி எடுத்துவந்து ஆய்வகத்தில் அரைத்துக் கரைத்தேன். பொட்டாசியம் அயோடைடும் கொஞ்சம் அசிட்டிக் அமிலமும் விட்டதும் கரைசல் பழுப்பாகும், தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டால் வைக்கோல் நிறத்துக்கு இறங்கும், அப்போது ஸ்டார்ச் விட்டால் கருநீலம், பிறகு ஒரு சொட்டில் நிறமே மறைந்துவிடும். புது மூட்டை என்றால் அந்த நிறம் மறைய பியூரெட்டில் (அளவு குறித்த கண்ணாடிக் குழாய்) 25 மி.லி. தயோசல்பேட் செலவாகும். அன்று 16-லேயே மறைந்துவிட்டது. திரும்பச் செய்தேன். அதே 16.

33 சதவீதம் இருக்க வேண்டிய குளோரின் 21-க்கு வந்திருந்தது. மூன்று மூட்டையில் 24.75 கிலோ குளோரினுக்குப் பதில் 15.75 கிலோ. லிட்டருக்கு 2 மி.கி. போட்டதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம், போனது 1.3. அந்த மாதம் அந்தத் தெருவில் ஒன்பது பேருக்கு வயிற்றுப்போக்கு. ஓரிடத்தில் குழாய் உடைப்பும் இருந்தது, எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த உடைப்பைத் தாண்டி ஊரைக் காப்பாற்றத்தானே குளோரின் போடுகிறோம். பவுடரைச் சோதிக்க வேண்டியவன் நான். மார்கழியில் வந்த அன்று சோதித்துவிட்டு, அப்புறம் சித்திரை வரை அதைத் தொடவில்லை. அது என் தவறு.

ஆகவே அம்மா, வேறு எதைக் கேட்காவிட்டாலும் இதைக் கேளுங்கள். பவுடரை ஏன் ஒரே தடவையில் இறக்க வேண்டும்? விலை ஓராண்டுக்கு ஒரே விலையாக இருக்கட்டும், சரக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வரட்டும். தரையில் அடுக்காமல் மரப்பலகை மேல் அடுக்கட்டும், முதலில் வந்தது முதலில் கரையட்டும். மாதம் ஒரு தடவை குளோரின் சதவீதம் எடுத்து எழுதி, மூட்டைக் கணக்கை அதற்கேற்ப மாற்றட்டும்.

ஏ.இ._குடிநீர் பதில்:

ஐயா சொன்னதோடு ஒப்பந்தப் பக்கம் சிலவற்றைச் சேர்க்கிறேன். நான் வேறு மாவட்டத்தில் உதவிப் பொறியாளர்.

அலுவலகத்தை உடனே சந்தேகப்பட வேண்டாம் மேடம். 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி, தகுதியானவர்களில் குறைந்த விலை கேட்டவருக்குத்தான் கொடுக்க முடியும். தரத்தை டெண்டர் ஆவணத்திலேயே எழுதவில்லை என்றால், பிறகு மட்டமான சரக்கு வந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதனால் ஆவணத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். படிகாரத்துக்கு ஐ.எஸ். 299, பி.ஏ.சி.க்கு ஐ.எஸ். 15573, பிளீச்சிங் பவுடருக்கு ஐ.எஸ். 1065. இந்த எண்கள் இருக்கின்றனவா பாருங்கள். "நல்ல தரமான" என்று மட்டும் இருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை.

ஒவ்வொரு லோடிலும் மாதிரி எடுத்து வெளி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், சத்து குறைந்தால் அதே விகிதத்தில் பில்லில் பிடிக்க வேண்டும், ஒரு வரம்புக்குக் கீழே போனால் லாரியைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டும். நாங்கள் இப்படி எழுதிய ஆண்டில்தான் கரைசல் தொட்டி அடியில் மணல் சேர்வது நின்றது. அதற்கு முன் மாதம் ஒரு தடவை ஆள் இறங்கி வாளி வாளியாக அள்ளுவார்கள். அத்தனையும் படிகார விலைக்கு வாங்கிய மண்.

லாரியை நாம் சொல்லும் எடை மேடையில் நிறை எடை, வெற்று எடை இரண்டும் போட வேண்டும். அப்புறம், 12 எம்.எல்.டி.க்குக் குளோரின் வாயுவையும் யோசிக்கலாம். 900 கிலோ டன்னர் (வாயு அடைத்த பெரிய உருளை) ஒன்று உங்களுக்கு 37 நாள் வரும், வைத்திருந்தால் வீரியம் குறையாது. ஆனால் கசிந்தால் ஊருக்கே ஆபத்து. பயிற்சி பெற்ற ஆளும் கசிவு அடைக்கும் கருவிகளும் சுவாசக் கவசமும் இல்லாமல் அந்தப் பக்கம் போகக் கூடாது.

டெலவேர்க்கரை பதில்:

நான் அமெரிக்காவில் ஒரு நகரக் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். இங்கே நடந்த ஒன்று உங்களுக்கு உதவும்.

இங்கே பல நகரங்கள் வாங்கும் திரவப் படிகாரத்தில், 1997-இல் தொடங்கி பத்தாண்டுக்கும் மேலாக விற்பனையாளர்கள் கூட்டுச் சேர்ந்திருந்தது நீதித்துறை வழக்கில் வெளியே வந்தது. இந்த ஊர் உனக்கு, அந்த ஊர் எனக்கு என்று பங்கு போட்டுக்கொண்டு, அடுத்தவர் ஊருக்கு வேண்டுமென்றே தோற்கும் விலையை எழுதி அனுப்பினார்கள். ஒவ்வொரு ஊரும் மூன்று விலைப்புள்ளி வந்ததே, குறைந்ததைத் தேர்ந்தோமே என்று நம்பிக்கொண்டிருந்தது. சம்பந்தப்பட்டவர்களில் சிலர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

அதனால் இந்த ஆண்டு விலையை மட்டும் பார்க்காதீர்கள். ஐந்தாறு ஆண்டு ஒப்பீட்டுப் பட்டியலை வரிசையாக வைத்துப் பாருங்கள். எப்போதும் அதே மூன்று பேர், எப்போதும் ஒருவரே வெல்கிறார், தோற்பவர்கள் விலை மட்டும் எட்டாத உயரத்தில் நிற்கிறது என்றால் பக்கத்து நகராட்சி விலையைக் கேட்டு ஒப்பிடுங்கள்.

வார்டு_17:

எல்லோருக்கும் நன்றிங்க. நேற்று நீரேற்று நிலையத்துக்குப் போனேன். ஆபரேட்டர் அண்ணன் 19 ஆண்டாக இருக்கிறாராம். இதுவரை எந்தக் கவுன்சிலரும் ஸ்டோர் ரூமைத் திறக்கச் சொன்னதில்லை என்றார்.

லாக் புக் பார்த்தேன். செந்தண்ணி வந்த அந்தப் பதினோரு நாளில் முதல் நான்கு நாள் படிகாரம் வழக்கம் போல 180 கிலோ. ஐந்தாம் நாளிலிருந்து 600. சுண்ணாம்பு பத்தியில் பதினோரு நாளும் கோடு போட்டிருக்கிறது. "சுண்ணாம்பு தீர்ந்து ரெண்டு மாசம் ஆயிருந்துச்சு, எழுதிக் கொடுத்தேன்" என்றார். எழுதிக் கொடுத்த நகலையும் காட்டினார்.

ஜார் டெஸ்ட் கருவி இருக்கிறது, ஆறு துடுப்பில் இரண்டு சுற்றவில்லை. கலங்கல் மானி வேலை செய்கிறது. பிளீச்சிங் பவுடர் நேராகச் சிமெண்டுத் தரையில்.

ஐயா, சுண்ணாம்பு இந்த அஜெண்டாவிலும் இல்லை. இப்போது நான் பி.ஏ.சி.யை எதிர்ப்பதா, ஆதரிப்பதா?

பழைய_அனலிஸ்ட்:

இரண்டும் வேண்டாம் அம்மா. பொருளை ஒரு மாதம் ஒத்திவைக்கக் கேளுங்கள், காரணத்தையும் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். ஜார் டெஸ்ட் முடிவு, ஐ.எஸ். எண், பகுதி பகுதியாகச் சப்ளை, சுண்ணாம்பு. நான்கும் சேர்ந்து வந்தால் ஆதரிப்பேன் என்று சொல்லுங்கள். ஒத்திவைக்கும் மாதத்துக்குப் படிகாரம் இருப்பில் போதுமா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இருப்பு இல்லாமல் ஒத்திவைத்தால் பழி உங்கள் மேல் வரும், தண்ணீரும் கெடும்.

இப்போது ஆறு தெளிந்துதான் இருக்கும். அதனால் பரவாயில்லை. ஆற்றோரத்தில் வெள்ளம் விட்டுப்போன வண்டலை எடுத்து, ஆற்று நீரிலேயே கரைத்து, கனமான மணல் அடங்கியதும் மேல்நீரை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அச்சு அசல் வெள்ள நீர் ஆகாது, ஆனால் இரண்டு மருந்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒப்பிட அது போதும். நான்கு துடுப்பு சுற்றினாலும் நான்கு பீக்கரில் செய்யலாம். பீக்கரில் காரத்தன்மையையும் அளக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, மருந்து வந்து இறங்கும்போது நிலையத்தின் ஆள் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். இங்கிலாந்தில் காமெல்ஃபோர்ட் பகுதியில் 1988 ஜூலையில், ஆளில்லாத நிலையத்துக்கு வந்த மாற்று ஓட்டுநர் 20 டன் படிகாரக் கரைசலைத் தவறான தொட்டியில் இறக்கிவிட்டார். அது நேராக ஊர்க் குடிநீரில் கலந்தது. பல நிலையங்களுக்கும் ஒரே சாவி. அவரைக் குற்றம் சொல்லி என்ன செய்வது, இறக்கும் இடத்தைக் காட்ட அங்கே ஒருவரும் இல்லை.

அந்த ஆபரேட்டர் தம்பி சுண்ணாம்புக்கு எழுதிக் கொடுத்தாரே, அதை மன்றத்தில் வாசியுங்கள். அவர் பெயரைச் சொல்லாமல் தேதியை மட்டும் சொல்லுங்கள்.

வார்டு_17:

வாசித்தேன் ஐயா. கூட்டத்தில் கொஞ்சம் சத்தம் இருந்தது, ஆனால் ஒத்திவைத்துவிட்டார்கள். படிகாரம் 40 நாளைக்கு இருப்பு இருக்கிறது, நானே மூட்டைகளை எண்ணினேன். சுண்ணாம்பு மட்டும் அவசரக் கொள்முதலாக 2 டன் வாங்க அன்றைக்கே ஒப்புதல் ஆகிவிட்டது.

ஜார் டெஸ்ட் வியாழக்கிழமை காலை 7 மணிக்கு. வண்டல் எடுக்க ஆபரேட்டர் அண்ணனோடு நானும் ஆற்றுக்குப் போகிறேன். சொம்புக்காரப் பாட்டியும் வருகிறேன் என்றிருக்கிறார்.